பல்ஸும் கிளிப்பும் ஒரே பீரியட்ல: எட்டாம் வகுப்பு சோதனையை எப்படி அமைக்கிறது?

கேள்வி, ஜூலை 4, இரவு 9.10

எட்டாம் வகுப்புக்கு அறிவியல் எடுக்குறேன். 40 நிமிஷ பீரியட். திட்டம் இதுதான்: முதல்ல உட்கார்ந்த நிலையில பல்ஸ் எண்ணணும், அப்புறம் ஜம்பிங் ஜாக் போட்டுட்டு மறுபடி எண்ணணும், அது முடிஞ்சதும் துணி கிளிப்பை விரலால அமுக்கி அமுக்கி ஒரு நிமிஷத்துல எத்தனை தடவைன்னு எண்ணி, ரெண்டாவது மூணாவது ரவுண்டுல குறையுதுன்னு காட்டணும். "லாக்டிக் ஆசிட் சேருது, அதனால தசை சோர்ந்துபோகுது"ன்னு முடிவுரை எழுத வைக்கணும். நேரம் பத்துமா? பண்ணிப் பார்த்தவங்க சொல்லுங்க.

பதில், ஜூலை 4, இரவு 10.40

நேரம் பத்தாது. ஆனா அது சின்ன பிரச்சினை. சோதனை ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடியே முடிவுரை ரெடியா இருக்கு பாருங்க, அதுதான் பெரிய பிரச்சினை. நீங்க எழுதிட்டீங்கன்னா பசங்களும் எழுதிடுவாங்க, அதுவும் அளக்குறதுக்கு முன்னாடியே. பாடப்புத்தகத்துல "சராசரி நாடித்துடிப்பு 72"ன்னு ஒரு வரி இருந்தா போதும், வகுப்புல பாதி பேருக்கு 72 வந்துடும். 15 விநாடி எண்ணும்போது 19 வந்த பையன் பக்கத்து நோட்டைப் பார்த்துட்டு 18-ஆ இருக்கும்னு மாத்திக்குவான், 18-ஐ 4-ஆல பெருக்கினா அழகா 72. பொய் சொல்லணும்னு இல்ல, சரியான விடை எழுதணும்னுதான்.

என் வகுப்புல இதைக் கண்டுபிடிக்க ஒரு வழி கிடைச்சது. 15 விநாடி எண்ணி 4-ஆல பெருக்கினா வர்ற எண் எல்லாமே 4-ஆல வகுபடணும். 72, 76, 80, 84 இப்படித்தான் வர முடியும். அட்டவணையில 75, 78, 85ன்னு இருந்தா அது எண்ணின எண் இல்ல, யோசிச்சு எழுதின எண். அதனால இப்போ நான் பெருக்கவே விடுறதில்ல, எண்ணினதை அப்படியே எழுதச் சொல்றேன், பெருக்கல் எல்லாம் கடைசியில.

முதல் வேலையா பல்ஸையும் கிளிப்பையும் தனித்தனி நாளாப் பிரிச்சுடுங்க. ரெண்டுக்கும் கேள்வி வேற, கோளாறும் வேற.

ஜூலை 5, காலை 6.20

பல்ஸ் பக்கம் முதல்ல.

ஓடியாடி முடிச்சதும் பையன் மணிக்கட்டுல பல்ஸைத் தேட ஆரம்பிப்பான். கை நடுங்குது, மூச்சு வாங்குது, பக்கத்துல இருக்கவன் சிரிக்கிறான், தேடிப் பிடிக்கவே பத்து இருபது விநாடி போயிடும், அதுக்குள்ள இதயம் இறங்க ஆரம்பிச்சுடுது. நிறுத்தினதும் முதல் நிமிஷத்துலதான் வேகமா இறங்கும், ஏன்னா உடற்பயிற்சி நேரத்துல தளர்த்தி வெச்சிருந்த பிரேக்கை, அதாவது வேகஸ் நரம்பை, உடம்பு உடனே திரும்பப் போடுது. ஆக "உடற்பயிற்சியின்போது பல்ஸ்"ன்னு அட்டவணையில தலைப்பு போட்டு நாம எழுதுறது உண்மையில இறங்கிட்டிருக்கிற பல்ஸ். எவன் மெதுவா தேடுறானோ அவன் ஃபிட்டா இருக்க மாதிரி தெரிவான்.

இதுக்கு வைத்தியம் எளிது. பயிற்சிக்கு முன்னாடியே பல்ஸைக் கண்டுபிடிச்சு அந்த இடத்துல பேனாவால ஒரு புள்ளி வெச்சுக்கணும், கட்டைவிரல் பக்கமா மணிக்கட்டு எலும்புக்கு உள்பக்கம். ஆள்காட்டி விரலும் நடுவிரலும் வெச்சுப் பார்க்கணும், கட்டைவிரல் வேணாம், அதுல அதோட சொந்தத் துடிப்பு தெரியும். கழுத்துல பார்க்கலாமான்னு கேட்பாங்க. பார்க்கலாம், லேசா, ஒரு பக்கம் மட்டும். அழுத்தினா அங்க இருக்கற அழுத்த உணரிகள் இதயத்தையே மெதுவாக்கிடும், அளக்கப்போய் அளவையே மாத்தின கதை. ரெண்டு பக்கமும் சேர்த்து அழுத்துறது ஆபத்து, அதை ஆரம்பத்துலயே கண்டிப்பா சொல்லிடுங்க.

ஜூலை 5, மதியம்

ஒருத்தர் கேட்டிருக்கார்: எண்ணும்போது பூஜ்யத்துல ஆரம்பிக்கணுமா ஒன்னுல ஆரம்பிக்கணுமா?

இந்த சண்டை எல்லா ஸ்டாஃப் ரூம்லயும் நடக்கும் போல. ஒரு துடிப்போட சேர்த்து ஸ்டாப்வாட்ச்சை அமுக்கினா, அந்தத் துடிப்பை ஒன்னுன்னு எண்ணினா சராசரியா அரைத் துடிப்பு கூட வரும், பூஜ்யம்னு எண்ணினா அரைத் துடிப்பு குறையும். அரைதானேன்னு தோணும், 4-ஆல பெருக்கினா 2. டீச்சர் வகுப்புக்கே பொதுவா "ஸ்டார்ட்", "ஸ்டாப்" சொல்லிட்டா இந்தப் பிரச்சினையே இல்ல. யாரோட துடிப்போடயும் சேராம நேரம் தொடங்குது, நடுவுல விழுற எல்லாத்தையும் எண்ணு, முடிஞ்சது. கூடவே இன்னொரு லாபம், எல்லாரும் ஒரே நேரத்துல எண்ணுறதால பக்கத்து நோட்டைப் பார்க்க நேரம் இருக்காது.

ஜூலை 5, இரவு

ரெஸ்ட் பல்ஸ் பத்தி. மாடிப்படி ஏறி வகுப்புக்கு வந்த பையனோட முதல் எண்ணிக்கை ரெஸ்ட் இல்ல. இப்போ என்னமோ நடக்கப்போகுதுன்னு தெரிஞ்சாலே இதயம் கொஞ்சம் ஏறிக்கும், ஓட்டப்பந்தயத்துல விசில் அடிக்கிறதுக்கு முன்னாடியே ஏறுற மாதிரி. அஞ்சு நிமிஷம் உட்கார வெச்சு, அந்த நேரத்துல அட்டவணை வரைய விட்டு, அப்புறம் மூணு தடவை எண்ணச் சொல்லுங்க. பெரும்பாலும் முதல் எண்ணிக்கைதான் மத்ததை விட உயரமா இருக்கும். மூணுல நடுவுல வர்றதை எடுத்துக்கலாம். உட்கார்ந்து எடுத்தா கடைசி வரைக்கும் உட்கார்ந்தே எடுக்கணும், சும்மா எழுந்து நின்னாலே பத்து துடிப்புக்கு மேல ஏறுறது சகஜம்.

பெரியவங்களுக்கு 60-லிருந்து 100 வரைக்கும் இயல்புன்னு வெச்சிருக்காங்க, பசங்களுக்கு இன்னும் கொஞ்சம் மேல இருக்கும். அந்த 72-ஐ மட்டும் சோதனை முடியற வரைக்கும் வாயில எடுக்காதீங்க.

ஜூலை 6, காலை

ஜம்பிங் ஜாக் வேணாம்னு சொல்லப்போறேன், திட்டாதீங்க.

30 தடவை போடுன்னு சொன்னா சிலர் அரை நிமிஷத்துல முடிச்சுட்டு நிப்பாங்க, சிலர் இழுத்துக்கிட்டே இருப்பாங்க. ஒரு நிமிஷம் போடுன்னு சொன்னா ஒருத்தன் முழுசாக் குதிப்பான், ஒருத்தி கையை மட்டும் ஆட்டுவா. ரெண்டுலயும் வேலையோட அளவு நம்ம கையில இல்ல. படி ஏறி இறங்குறதுல படியோட உயரம் தெரியும், வேகத்தை மெட்ரோனோம் (ஒரே சீரா டிக் டிக்குனு தட்டுற கருவி) வெச்சுக் கட்டிப்போடலாம், போன்ல இலவசமாவே கிடைக்குது. நாலு தட்டுக்கு ஒரு சுற்று: வலது மேல, இடது மேல, வலது கீழ, இடது கீழ. மெட்ரோனோம் 96-ல இருந்தா நிமிஷத்துக்கு 24 சுற்று. ஒய்எம்சிஏ ஸ்டெப் டெஸ்ட்டோட கணக்கு இதுதான், 12 அங்குல உயரம், மூணு நிமிஷம். நம்ம பசங்களுக்கு 12 அங்குலம் எல்லாம் வேணாம், சாதாரண மாடிப்படி ஒன்னு போதும்.

ஹார்வர்ட் ஸ்டெப் டெஸ்ட்டை அப்படியே வகுப்புல போடுறவங்க இருக்காங்க. அது இரண்டாம் உலகப்போர் காலத்துல, 1943-ல வந்தது, வாலிப ஆண்களை மனசுல வெச்சு செஞ்சது. 20 அங்குல மேடை, நிமிஷத்துக்கு 30 சுற்று, அஞ்சு நிமிஷம். 13 வயசுப் பிள்ளைக்கு அது சோதனை இல்ல, தண்டனை. ஆனா அதோட கணக்குப் போடுற முறை எனக்கு ரொம்பப் பிடிக்கும். ஏறும்போது எவ்வளவுன்னு அது கேக்குறதே இல்ல. முடிஞ்ச பிறகு 1-லிருந்து 1½ நிமிஷம் வரை, 2-லிருந்து 2½ வரை, 3-லிருந்து 3½ வரைன்னு மூணு அரை நிமிஷத்துக்கு எண்ணி, மூணையும் கூட்டி, ஏறின விநாடிகளை 100-ஆல பெருக்கி அந்தக் கூட்டுத்தொகையோட இரண்டு மடங்கால வகுக்கணும். 300 விநாடி ஏறினவனுக்கு 80, 65, 55ன்னு வந்தா கூட்டுத்தொகை 200, மதிப்பெண் 75. அதாவது எவ்வளவு ஏறிச்சுங்கிறதை விட எவ்வளவு சீக்கிரம் இறங்குதுங்கிறதுதான் கேள்வி. மேல சொன்ன "தேடுறதுக்குள்ள இறங்கிடுது" பிரச்சினைக்கு இதை விட நல்ல பதில் இல்ல. இறங்குறது தொந்தரவா இருக்கா, அப்போ இறங்குறதையே அளந்துடு.

மதிப்பெண் போட வேணாம், எண்ணுற முறையை மட்டும் எடுத்துக்கோங்க.

ஜூலை 6, இரவு

இப்போ அந்த விடை தெரிஞ்ச சோதனைங்கிற விஷயத்துக்கு வர்றேன், நேத்துல இருந்து மனசுல ஓடிக்கிட்டே இருக்கு.

"உடற்பயிற்சி பண்ணினா பல்ஸ் ஏறுமா?" இது கேள்வியே இல்ல. ஏறும்னு ஒன்னாம் வகுப்புப் பிள்ளைக்கே தெரியும். ஏறலைன்னாதான் அதிசயம். பசங்களோட கணிப்பு தப்பாப் போக வாய்ப்பிருக்கிற கேள்வியா கேக்கணும். உதாரணத்துக்கு: ஒரு நிமிஷம் ஏறினா இவ்வளவு, மூணு நிமிஷம் ஏறினா இவ்வளவு, அப்போ அஞ்சு நிமிஷம் ஏறினா எவ்வளவு? கிராஃப்ல கோட்டை நீட்டி வரையச் சொல்லுங்க. பெரும்பாலும் நேர்கோடா மேல போட்டுடுவாங்க. ஆனா ஒரே மிதமான வேகத்துல போனா ரெண்டு மூணு நிமிஷத்துல பல்ஸ் ஒரு மட்டத்துக்கு வந்து கிட்டத்தட்ட அங்கயே நின்னுடும். தசை கேக்குறதுக்கும் ரத்தம் கொண்டுவந்து குடுக்குறதுக்கும் கணக்கு சரியாயிடுச்சு, அதுக்கு மேல ஏற வேண்டிய அவசியம் இல்ல. மூணுக்கும் அஞ்சுக்கும் பெரிசா வித்தியாசம் வராதப்போ வகுப்புல வர்ற சத்தம் இருக்கே, "சார் மெஷின் ரிப்பேர்"ன்னு ஒருத்தன் கத்தினான், மெஷினே கிடையாது, விரல்தான்.

கணிப்பை எழுதி மடிச்சு டீச்சர்கிட்ட குடுத்துடணும். அப்போதான் பின்னாடி மாத்த முடியாது.

ஜூலை 7, காலை

யார் யாரோட ஒப்பிடுறது? யாரும் யாரோடயும் இல்ல. ஒவ்வொருத்தரும் தன்னோட மட்டும். குட்டையா இருக்கிற பிள்ளைக்கு அதே படி உயரம், எடை கூடின பிள்ளை ஒவ்வொரு படிக்கும் கூட எடையைத் தூக்குது. பையன் பொண்ணு ஒப்பீடு, ஒல்லி குண்டு ஒப்பீடு எல்லாம் வந்துடும், அது அறிவியலும் இல்ல. பேர் போட்டு போர்டுல எழுதவே கூடாது. எண் குடுங்க, சீட்டுல எழுதி டப்பாவுல போடட்டும்.

ஆஸ்துமா, இதயப் பிரச்சினை, ரத்தசோகை, ரெண்டு நாள் முன்னாடி காய்ச்சல், இதெல்லாம் இருக்கவங்க ஏற வேணாம். காரணத்தை வகுப்பு முன்னாடி கேக்காதீங்க, முதல் நாளே வீட்டுக்கு சீட்டு அனுப்புங்க. ஏறாதவங்களுக்கு சும்மா ஒரு வேலை குடுத்து உட்கார வைக்காம உண்மையான வேலை குடுங்க, நேரம் பார்க்குறது இந்த சோதனையிலேயே முக்கியமான வேலை. தலைசுத்தல், நெஞ்சு வலி, இழுப்பு எது வந்தாலும் உடனே நிறுத்தணும், நிறுத்தினதுக்கு யாரும் கேள்வி கேக்கக்கூடாது. ஏறி முடிச்சதும் அப்படியே அசையாம நிக்க விடாதீங்க, கால்ல ரத்தம் தேங்கி மயக்கம் வரலாம். உட்காரட்டும், நமக்கும் அதுதானே வேணும்.

ஜூலை 7, மாலை

220-லிருந்து வயசைக் கழிச்சா அதிகபட்ச பல்ஸ், அதை எல்லையா வெச்சுக்கலாமான்னு கேள்வி வந்திருக்கு. 1971-ல ஃபாக்ஸ்ங்கிற ஆராய்ச்சியாளரும் கூட இருந்தவங்களும் கிடைச்ச சில தரவுகளை வெச்சு கண் பார்வையில போட்ட ஒரு கோடுதான் அது, பிறகு கல்லுல செதுக்கின மாதிரி ஜிம் சுவருக்கெல்லாம் போயிடுச்சு. ஒரே வயசுல ஆளுக்கு ஆள் பத்து பன்னிரண்டு துடிப்பு முன்ன பின்ன இருக்கிறது சாதாரணம். 2001-ல டனாகா குழு 208-லிருந்து வயசுல 0.7 பங்கைக் கழிக்கணும்னு திருத்தினாங்க, அதுவும் பெரியவங்களுக்கு. பசங்களுக்கு 200-ஐ ஒட்டித்தான் இருக்கும், பதின்பருவத்துல பல வருஷம் பெரிசா மாறவும் மாறாது. நம்ம சோதனையில அதுக்குப் பக்கத்துலயே போகப்போறதில்ல. பேசிக்கிட்டே ஏற முடியணும், அதுதான் எல்லை.

ஜூலை 8, இரவு

கிளிப்.

துணி கிளிப் சோதனை பார்க்க எளிமையா இருக்கும், உள்ள போனா பாதாளம். முதல்ல ஒரு சந்தேகம் கேளுங்க பசங்ககிட்ட: எண்ணிக்கை குறைஞ்சா சோர்ந்தது யாரு, விரலா கிளிப்பா? ஸ்பிரிங் தளர்ந்தா எண்ணிக்கை கூடத்தான் செய்யும்னு ஒரு பொண்ணு பதில் சொன்னா, எனக்கு அன்னைக்கு முழுக்க சந்தோஷம். ஒவ்வொரு கிளிப்பும் ஒவ்வொரு இறுக்கம், அதனால ஒருத்தருக்கு ஒரு கிளிப், கடைசி வரைக்கும் அதேதான். பிடிக்கிற இடத்துல மார்க் போடணும், நுனியில பிடிச்சா சுலபம், ஸ்பிரிங் பக்கத்துல பிடிச்சா கஷ்டம். முழுசா திறந்தாத்தான் ஒரு எண்ணிக்கை. எண்ணுறது அமுக்குறவன் இல்ல, எதிர்ல உட்கார்ந்தவன்.

அடுத்தது வலி. கிளிப் தோல்ல குத்தும். "முடியலை"ங்கிறதும் "வலிக்குது"ங்கிறதும் வேற வேற, ரெண்டுக்கும் தனித்தனி கட்டம் போடுங்க.

அப்புறம் பழக்கம். முதல் ரவுண்டை விட ரெண்டாவது ரவுண்டு கூட வர்றவங்க எப்பவும் இருப்பாங்க, கை பழகிடுது. சோர்வு கீழ இழுக்குது, பழக்கம் மேல தள்ளுது, நாம பார்க்குறது ரெண்டோட கூட்டல் கழித்தல். முதல் நாள் சும்மா பழக விட்டு மறுநாள் அளந்தா இது கொஞ்சம் அடங்கும்.

ஜூலை 9, அதிகாலை

தூக்கம் வரலை, அதனால எழுதுறேன். ஒரு நிமிஷத்து மொத்தத்தை எண்ணாம பத்து பத்து விநாடியா உடைச்சு எண்ணுங்க. ஆறு கட்டம். வரைஞ்சா மேல ஆரம்பிச்சு இறங்கி, கடைசிக் கட்டத்துல பல பேருக்கு லேசா தலை தூக்கும். "இன்னும் பத்து விநாடி!"ன்னு டீச்சர் கத்தினதும் எங்கிருந்தோ தெம்பு வந்துடும்.

அந்தக் கடைசித் தூக்கல்தான் இந்த சோதனையிலேயே விலைமதிப்பான புள்ளி. தசை தீர்ந்துபோச்சுன்னா அது எப்படி ஏறும்? மிச்சம் வெச்சிருந்திருக்கு. யார் வெச்சது? மூளைதான் கணக்குப் போட்டு ஒதுக்கி வெச்சது. அப்போ வகுப்பைப் பாதியாப் பிரிங்க, ஒரு பாதிக்கு நேரம் சொல்லிக்கிட்டே வாங்க, இன்னொரு பாதிக்கு எப்போ முடியும்னே சொல்லாதீங்க, எண்ணுறவங்களும் வாயைத் திறக்கக்கூடாது. நேரம் தெரியாதவங்க கோட்டுக்கு வால் தூக்குமா? கணிப்பு எழுதி மடிச்சுக் குடுக்கட்டும்.

1961-ல இகாய், ஸ்டெய்ன்ஹவுஸ்னு ரெண்டு ஆராய்ச்சியாளர்கள் முழங்கை மடக்கி இழுக்கிற விசையை அளந்துட்டிருக்கும்போது பக்கத்துல துப்பாக்கி வெடிச்சுப் பார்த்தாங்க, இழுக்குறவரையே கத்திக்கிட்டு இழுக்கச் சொல்லியும் பார்த்தாங்க. விசை கூடுச்சு. தசை அதேதான். வகுப்புல துப்பாக்கிக்கு வழியில்ல, சத்தம் போட்டு உற்சாகப்படுத்துற அணி, அமைதியான அணின்னு வெச்சாலே தெரியும்.

ஜூலை 9, மதியம்

"அப்போ லாக்டிக் ஆசிட்?" கேள்வி கேட்டவரே திரும்ப வந்து கேட்டிருக்கார், கொஞ்சம் கோவமா. "புத்தகத்துல அப்படித்தானே இருக்கு, பரீட்சையில அதைத்தானே எழுதணும்?"

பரீட்சைக்கு எழுதட்டும், நான் தடுக்கலை. ஆனா இந்தக் கிளிப் சோதனையில லாக்டிக் ஆசிட்டை யாரும் பார்க்கலை, அளக்கவும் இல்ல. எண்ணிக்கை குறைஞ்சதை மட்டும்தான் பார்த்தோம். காரணத்தை வெளியிலிருந்து கொண்டுவந்து ஒட்டுறோம்.

அந்தக் கதைக்கு வயசு அதிகம். 1807 வாக்கில ஸ்வீடன் வேதியியலாளர் பெர்ஸீலியஸ் வேட்டையில துரத்தப்பட்ட மான்களோட தசையில லாக்டிக் ஆசிட்டைக் கண்டார். 1907-ல ஃப்ளெட்சரும் ஹாப்கின்ஸும் தவளைத் தசையில, சோர்ந்தா அது சேருதுன்னும் ஆக்சிஜன் குடுத்தா குறையுதுன்னும் காட்டினாங்க. ஹில்லுக்கும் மேயர்ஹோஃபுக்கும் 1922-ஆம் வருஷ நோபல் பரிசு தசையோட வெப்பம், ஆக்சிஜன், லாக்டிக் ஆசிட் பத்தின வேலைக்குத்தான். சோர்ந்த தசையில அது இருக்கு, அதனால அதுதான் காரணம்னு ஊரே முடிவு பண்ணிடுச்சு. தீப்பிடிச்ச இடத்துல எல்லாம் தீயணைப்பு வண்டி நிக்குது, அதனால வண்டிதான் தீ வெச்சதுங்கிற மாதிரி.

எனக்குப் பிடிச்ச எதிர்ச்சாட்சி மெக்கார்டில் நோய். 1951-ல விவரிக்கப்பட்டது. தசையில சேமிச்சு வெச்சிருக்கிற சர்க்கரையான கிளைக்கோஜனை உடைக்கிற நொதி இவங்களுக்கு இல்ல, அதனால உழைச்சாலும் லாக்டேட் (உடம்புக்குள்ள லாக்டிக் ஆசிட் இருக்கிற வடிவம்) ஏறாது. லாக்டிக் ஆசிட்தான் சோர்வுக்குக் காரணம்னா இவங்க சோர்வே இல்லாம ஓடணும். நேர்மாறா, மத்தவங்களை விட சீக்கிரம் சோர்ந்துடுவாங்க, பிடிப்பும் வரும். லாக்டேட்டை இதயம் எரிபொருளாவே எடுத்துக்குது. மறுநாள் வர்ற தசை வலிக்கும் அது காரணம் இல்ல, ஒரு மணி நேரம் போல ஆனா ரத்தத்துல பழைய அளவுக்கு வந்துடும், வலியோ ஒன்னு ரெண்டு நாள் கழிச்சுத்தான் உச்சத்துக்கு வரும்.

வேகமா அமுக்கும்போது கிரியாட்டின் பாஸ்பேட் (தசையோட அவசர ஆற்றல் இருப்பு) உடைஞ்சு பாஸ்பேட் சேருறது, தசை நாருக்குள்ள கால்சியம் வெளிவர்றது குறையுறது, மூளையிலிருந்து வர்ற உத்தரவு தளர்றது, இப்படி பல கைகள் சேர்ந்து இழுக்குற கயிறு இது. அமில நிலைக்கும் ஒரு பங்கு உண்டு, இல்லைன்னு நான் சொல்லலை, ஆனா தனி வில்லன் இல்ல.

ஜூலை 9, இரவு

ஓய்வு பத்திச் சொல்ல விட்டுப்போச்சு. ரவுண்டுக்கு நடுவுல எவ்வளவு இடைவெளின்னு நீங்க எழுதவே இல்ல. அதுதான் முக்கியமான மாறி. கிரியாட்டின் பாஸ்பேட் அரை நிமிஷ அளவுல பாதி திரும்பிடும், சில நிமிஷத்துல பெரும்பகுதி. 10 விநாடி விட்டா ஒரு முடிவு வரும், மூணு நிமிஷம் விட்டா வேற முடிவு வரும். "அடுத்தவன் வரும் வரைக்கும்"னு விட்டா ஒரு முடிவும் வராது. பேசாம இடைவெளியையே கேள்வியா ஆக்கிடலாம்: 10 விநாடி, 1 நிமிஷம், 3 நிமிஷம், எவ்வளவு திரும்புது? வரிசையை ஆளுக்கு ஆள் மாத்திக் குடுங்க, இல்லைன்னா கடைசியா வந்ததுக்கு எல்லாச் சோர்வும் போய்ச் சேரும்.

ஜூலை 11, மாலை

முதல் நாள் பல்ஸையும் கிளிப்பையும் பிரிங்கன்னு சொன்னேன். இப்பவும் முதல் சில வகுப்புக்கு அதையேதான் சொல்வேன். ஆனா அதுக்கு மேலயும் வகுப்பு கிடைச்சா ரெண்டையும் சேர்க்க ஒரு நல்ல கேள்வி இருக்கு: காலால படி ஏறிட்டு வந்தா விரல் சோர்ந்திருக்குமா? விரல் ஒரு வேலையும் செய்யலை. பல்ஸ் மட்டும் மேல இருக்கு. பாதி வகுப்பு மூணு நிமிஷம் ஏறிட்டு கிளிப், பாதி உட்கார்ந்துட்டு கிளிப், மறுநாள் மாத்திப்போடு. எண்ணிக்கை குறைஞ்சா "விரல்ல லாக்டிக் ஆசிட் சேர்ந்துடுச்சு"ன்னு எழுத முடியாதே, அப்போ என்ன எழுதுவாங்க? குறையாமலும் போகலாம், உடம்பு சூடாகி கூடவும் செய்யலாம். எனக்கு ஒவ்வொரு வகுப்புலயும் ஒவ்வொரு மாதிரி வந்திருக்கு, அதனாலதான் இதைப் பரிந்துரைக்கிறேன். டீச்சருக்கே விடை தெரியாதுன்னு பசங்களுக்குப் புரிஞ்சா நோட்டுல எழுதுற எண்களோட தரமே மாறிடுது.

இன்னொரு வகை: வலது கையைச் சோர வெச்சு உடனே இடது கையை அளக்குறது. இடது குறைஞ்சா சோர்வு முழுக்க அந்தத் தசையில மட்டும் இல்ல. ஆனா இடது கைக்கு பழக்கமும் இல்ல, அதனால சோர வைக்காத நாள்ல இடது எவ்வளவு வருதுன்னு முதல்ல தெரியணும்.

ஜூலை 11, இரவு

ஒரு சின்ன உபகதை, விட மனசில்ல. இத்தாலியில டுரின் நகரத்துல ஏஞ்சலோ மோஸ்ஸோன்னு ஒரு உடலியல் பேராசிரியர், 1880-கள்ல எர்கோகிராஃப்னு ஒரு கருவி செஞ்சார். கையைக் கட்டிப்போட்டு நடுவிரல் மட்டும் ஒரு எடையைத் திரும்பத் திரும்ப இழுக்கும், ஒவ்வொரு இழுப்போட உயரமும் புகை படிஞ்ச தாள்ல கோடா விழும். நம்ம கிளிப்போட தாத்தான்னு வெச்சுக்கோங்க. ஆளுக்கு ஆள் கோட்டோட வடிவம் வேற, சிலருக்கு மெதுவா சரியும், சிலருக்கு கொஞ்ச நேரம் தாக்குப்பிடிச்சுட்டு பொத்துன்னு விழும். அவர் தன் சக ஆசிரியர் ஒருத்தரோட விரலை, மாணவர்களுக்கு வாய்மொழித் தேர்வு நடத்தி முடிச்ச பிறகு அளந்தார். விரல் சும்மாதான் இருந்துச்சு, கேள்வி கேட்டது வாய். கோடு நல்லாவே சுருங்கிடுச்சு. பேப்பர் திருத்திட்டு வந்து கிளிப் அமுக்கிப் பாருங்க, ஸ்டாஃப் ரூம்ல ஒரு நல்ல பொழுதுபோக்கு.

ஜூலை 13, காலை

விரல் நுனியில மாட்டுற ஆக்ஸிமீட்டர் வாங்கிடலாமேன்னு ஒருத்தர். ஒன்னு ரெண்டு இருந்தா விரலால எண்ணினதோட ஒத்துப்பார்க்க நல்லது. எல்லாருக்கும் வேணாம். அது சில விநாடிகளோட சராசரியைக் காட்டும், வேகமா இறங்குறப்போ கொஞ்சம் பின்தங்கும், கை ஆடினா தடுமாறும், விரல் சில்லுன்னு இருந்தா எண்ணே வராது. அதை விட, திரையில எண் தெரிஞ்சதும் பசங்க அந்த எண்ணையே முறைச்சுப் பார்த்து மூச்சைப் பிடிச்சு இறக்கப் பார்ப்பாங்க. அதுவும் ஒரு சோதனைதான், ஆனா வேற சோதனை.

ஜூலை 13, இரவு

கடைசியா மார்க் பத்திக் கேட்டிருந்தீங்க. எண்ணுக்கு மார்க் குடுக்காதீங்க. கணிப்பு எழுதினதுக்கு, எண்ணினதைப் பெருக்காம எழுதினதுக்கு, கணிப்போட ஒத்துப்போகாத இடத்தைச் சுழிச்சு "இது ஏன்?"னு எழுதினதுக்கு குடுங்க. அட்டவணையில ஒரு பத்தி கூட சேர்த்துக்கோங்க: "எண்ணும்போது நடந்தது". மணி அடிச்சது, சிரிச்சது, எண்ணிக்கை விட்டுப்போனது, கிளிப் நழுவினது எல்லாம் அதுல. கிராஃப்ல ஒரு புள்ளி ஏன் தனியா நிக்குதுன்னு கேட்டா பெரும்பாலும் பதில் அந்தப் பத்தியிலதான் இருக்கும். முதல் நாள் பல்ஸ், ரெண்டாம் நாள் கிளிப் பழக்கம், மூணாம் நாள் கிளிப் அளவு. மூணு பீரியட் கிடைக்கலைன்னா பல்ஸை விட்டுட்டு கிளிப்பை மட்டும் எடுங்க, நேரம் சொல்ற அணி, சொல்லாத அணி. பல்ஸை எப்போ வேணாலும் செய்யலாம்.

முடிவுரையை மட்டும் நீங்க எழுதிக் குடுக்காதீங்க சார்.